குப்புராசு பார்க்காத பிடரி

"வலி என்ர கழுத்துல. நீங்க யாரு கழுத்தையோ காட்டறீங்களே டாக்டரம்மா?"

குப்புராசு கேட்டது நியாயம்தான். பிசியோதெரபி பார்க்கும் நஸ்ரின் கையிலிருந்த படக்கட்டைப் பிரித்தார். ஒரு படத்தை மேசைமேல் வைத்தார். யாரோ ஒருவரின் பின்கழுத்து.

"எந்தப் பக்கம் திரும்பியிருக்கு?"

"இடதுங்க."

அடுத்த படம்.

"இதுவும்... இடதுங்க."

"வலது."

குப்புராசுவுக்குப் பக்கென்றது. சலூன் வைத்திருப்பவர். கடை திறந்ததிலிருந்து இருட்டும்வரை ஊரார் தலையை இடமும் வலமும் திருப்பியே வயிறு வளர்ப்பவர்.

"தலையத் திருப்பறவனுக்கே வலது தெரியலீங்களா?"

"உங்க கழுத்து எந்தப் பக்கம் திரும்பாது?"

"வலதுதாங்க. ரெண்டு வருசமா."

நஸ்ரின் அடுத்த படத்தை வைத்தார்.

வலப்பக்கம் திரும்பிய கழுத்து வந்தபோதெல்லாம் குப்புராசு திக்கினார். இல்லையென்றால் தப்பாகச் சொன்னார். அவமானமாக இருந்தது.

"ரொம்ப நாள் வலிச்சா அந்தப் பக்கம் திரும்பறதையே மூளை மறந்துரும், படம் பார்த்துப் பழக்குங்க" என்று படங்களைக் கொடுத்தனுப்பினார் நஸ்ரின். கடையில் ஆள் இல்லாதபோதெல்லாம் குப்புராசு அவற்றைப் புரட்டினார். நாளாக ஆகத் திக்கல் குறைந்தது. வலி மட்டும் நகரவில்லை.

ஒருநாள் நஸ்ரினிடம் வந்தவர் உட்காரவே இல்லை.

"இன்னியோட போதுமுங்க. நேத்து ஒரு கல்யாண மாப்பிள்ளை காதுல கத்தி பட்டுருச்சு. பக்கவாட்டுல பார்க்க முடியாதவன் கத்தி புடிக்கலாமுங்களா? நாளைக்குக் கடைச் சாவிய மச்சினன் கதிர்வேல் கையில கொடுத்தர்றேன்."

சொல்லும்போதே கை சட்டைப் பையிலிருந்த சாவியைத் தடவியது. அந்தக் கடையைத் தவிர அவருக்கு வேறு உலகம் கிடையாது.

"போறதுக்கு முன்னாடி ஒரு படம்" என்றார் நஸ்ரின்.

குப்புராசு வேண்டாவெறுப்பாகப் பார்த்தார்.

"வலது." திக்கவே இல்லை. "நல்லா முழுசாத் திரும்பியிருக்குதுங்க. குடுத்து வெச்ச மனுசன், வலியே இருக்காது. ஆனா முடிதான் மகா கேவலம். பிடரியில வலது ஓரம் எப்படிக் கோணிக்கெடக்குது பாருங்க. இதை வெட்டினவன் கையில கத்திரியே கொடுக்கக் கூடாது."

"யார் கழுத்துன்னு தெரியலையா?"

"தெரியலீங்களே. நம்ம கடைக்கு வர்ற தலையா இருந்தா பின்னாலிருந்தே பேர் சொல்லிருவேன்."

"உங்க கழுத்து."

குப்புராசுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வெளையாடாதீங்கம்மா."

"போன வாரம் உங்களைக் கேட்டுட்டுத்தான் பின்னாலிருந்து வீடியோ எடுத்தேன். திரும்பச் சொன்னப்போ உங்களால முடியலை. நான் வீடியோவை நிறுத்தறதுக்குள்ள வலப்பக்க வாசல்ல ஒருத்தர் வந்தார். அவருக்கு யார் முடி வெட்டினதுன்னு பார்க்க முழுசாத் திரும்பினீங்க. அதுல எடுத்த படம்."

குப்புராசு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வெட்டி முடித்ததும் எத்தனையோ பேருக்குப் பின்னால் கண்ணாடி பிடித்துப் பிடரியைக் காட்டியவர். தன் பிடரியை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"அப்ப... என்ர வலி பொய்யுங்களா?"

"வலி நெஜம்."

நஸ்ரின் படத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதுவும் நெஜம்."

குப்புராசு நம்பவில்லை. கை மெதுவாகப் பின்னால் போனது. விரல் பிடரியின் இடது ஓரத்திலிருந்து முடியைத் தடவிக்கொண்டே வந்தது. வலது ஓரத்தில் நின்றது.

அங்கே கோணல் இருந்தது.

விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு யார் முடி வெட்டுறது?" என்று நஸ்ரின் கேட்டார்.

"கதிர்வேலுங்க."

சொன்ன வேகத்தில் இன்னொரு கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. சாவி இருந்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அட சாமி! இவன் கையிலயா கொடுக்க இருந்தேன்?"