கூச்சியும் பேசுற வீடும்

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. கூச்சம்னா கூச்சம், அப்படி ஒரு கூச்சம். பஸ்ல "இறங்கணும்"னு சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்ல இறங்கி நடந்தே திரும்பி வருவா. பேரு எதுக்கு, கூச்சின்னே வச்சுப்போம். சரியா?

"ம்."

அவளோட அக்கா ஜப்பான்ல இருந்தா. வயித்துல பாப்பா, எட்டு மாசம். மாமா காலையில வேலைக்குப் போனா ராத்திரிதான் வருவார். அதனால துணைக்குக் கூச்சியை அனுப்பி வச்சாங்க. வந்த அன்னைக்கே அக்கா கேட்டா: "ஏட்டி, எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஆளைக் கூப்பிடுவியா?"

கூச்சி தலையை மட்டும் ஆட்டினா.

"வாயைத் திறந்து சொல்லுட்டி!"

ம்ஹூம்.

ஆனா அந்த வீடு இருக்கே, அது பேசுற வீடு.

முதல்ல கக்கூஸ். கூச்சி உள்ள போனதும் மூடி தானாவே ஸ்ஸ்ஸ்னு எந்திரிச்சு நின்னுச்சு, பெரியவங்க வந்தா நாம எந்திரிப்போமே, அது மாதிரி. கூச்சி பதறிப்போய், "ஐயோ, உக்காருங்க உக்காருங்க"ன்னா. வெளிய அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கல. "அது எந்திரிச்சாதான்டி நீ உக்கார முடியும்!"

அப்புறம் ஒரு பொத்தானை அமுக்கினா. சர்ர்ர்! அடியில இருந்து வெந்நீர்! துள்ளிட்டா. அப்புறம் யோசிச்சா. பரவாயில்லையே, இவங்களும் நம்மள மாதிரி தண்ணியில கழுவுறவங்கதான். அதுவும் வெந்நீர்ல!

ரெண்டாவது குக்கர். நம்ம குக்கர் விசில் அடிக்கும்ல? அது சோறு வெந்ததும் பாட்டுப் பாடுச்சு. டிங் டிங் டிடிங்... பாட்டு முடியுற வரைக்கும் கூச்சி மூடியைத் தொடல. ஒருத்தர் பாடுறப்போ நடுவுல சோறு எடுக்குறது நல்லாவா இருக்கு?

மூணாவது குளிக்கிற ரூம். பெரிய தொட்டி. தண்ணி நிரம்புனதும் சுவத்துல இருந்து ஒரு பொம்பளைக் குரல்: "ஒஃபுரோகா வாகிமாஷ்தா." அப்படின்னா, குளிக்க வெந்நீர் தயார்னு அர்த்தம். கூச்சி உடனே, "சரிங்க, இதோ வாரேங்க"ன்னா.

தொட்டிக்குள்ள உக்காரணும்னு அவளுக்குத் தெரியாது. வெளிய நின்னு கப்பால மொண்டு மொண்டு ஊத்துனா. அவ மொள்ள மொள்ள, குடுகுடுன்னு அதுவே நிரப்பிக்குது. "யப்பா, என்ன மனசு இந்தத் தொட்டிக்கு!"ன்னு அசந்து போயிட்டா.

மனுசங்ககிட்ட பேசாதவ, தினமும் சுவத்தம்மாகிட்ட பேசினா. அவங்க சொல்றதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லி, ஜப்பான் பாஷையில அந்த ஒரே ஒரு வரி மனப்பாடம். தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம். அக்கா குளிக்கப் போனா. கூச்சி அடுப்படியில வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டிருந்தா. அப்போ டிங்டாங்! டிங்டாங்! அடுப்படிச் சுவர் கூப்பிடுது. குளிக்கிற ரூம்ல ஒரு பொத்தான் உண்டு, அமுக்கினா இங்க மணி அடிக்கும். கூப்பிட்டா போறதுதானே முறை? "வந்துட்டேங்க"ன்னு ஓடினா.

அக்கா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்திருக்கா. "வலி வந்துடுச்சுடி. போன்ல பேசக்கூட முடியல. பக்கத்து வீட்டு கியோகோ அம்மாவைக் கூட்டிட்டு வா. ஓடு!"

ஓடினா. டொக் டொக் டொக். கியோகோ அம்மா கதவைத் திறந்தாங்க. கூச்சி வாயைத் திறந்தா. காத்துதான் வந்துச்சு. மறுபடியும் திறந்தா. காத்து. மூணாவது தடவை, அடிவயித்துல இருந்து, தெருவுக்கே கேக்குற மாதிரி:

"ஒஃபுரோகா வாகிமாஷ்தா!"

கியோகோ அம்மா முழிச்சாங்க. வெறுங்காலோட ஒரு பொண்ணு, கண்ணுல தண்ணி வழிய, வெந்நீர் தயார்னு கத்துறா. என்ன பண்ணுவாங்க பாவம்? ஆணியில தொங்கின நீலத் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, குளிக்கவே கிளம்பிட்டாங்க! கூச்சி அவங்க கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடினா.

அக்காவைப் பாத்ததும் அவங்களுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. அந்தத் துண்டை அக்காவுக்குப் போர்த்தினாங்க. போனைப் போட்டாங்க. பீப்போ பீப்போன்னு ஆம்புலன்ஸ் வந்துச்சு. விடியுறதுக்குள்ள பாப்பா பொறந்துட்டா. உள்ளங்கை அளவு பாப்பா, ஊரளவு சத்தம்! அவளை அந்தத் துண்டுலயே சுத்தி, முதல்ல கூச்சி கையிலதான் குடுத்தாங்க.

"அந்தத் துண்டு இப்போ எங்க சித்தி?"

நீ கன்னத்துல வச்சிருக்கியே, அதான்.

"அப்போ கூச்சி..."

ஷ்ஷ். அவளுக்குக் கூச்சமா இருக்கு. கதை குளிச்சாச்சு, தொட்டியும் மூடியாச்சு, நீயும் கண்ணை மூடு.