ஒரு கரண்டி உறைமோர்

மலையடி நாட்டின் நிதியமைச்சர் தீர்த்தகிரிக்கு ஒரு குரு இருந்தார். பெயர் சிவக்கொழுந்து. குருவுக்குச் சீடரைவிட வயது குறைவு. வாய் மட்டும் கூடுதல்.

பெரும் பஞ்சத்துக்குப் பிறகு நாடு மெல்லத் தலைதூக்கியிருந்தது. ஆலைகள் ஓடின, கடைகளில் அரிசி கிடைத்தது. எல்லாம் அயல்நாடுகள் கூடிக் கொடுத்த நிதியின் தயவு. அடுத்த தவணையைப் பேச அவர்களுடைய தூதர்கள் வரவிருந்தார்கள். அதற்கு முன் அமைச்சர் குருவின் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"சாமி, ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசின்னு சொல்றேன், திரும்பவும் போய் நிக்கறேன். இன்னொரு தடவை கை நீட்டினா பதவியில இருக்காதேன்னுட்டார் அரசர். இதை எப்படித்தான் கடைசியாக்கறது?"

"மொதல்ல சாப்பிடு."

சோறு, நார்த்தங்காய், கெட்டித் தயிர். நல்ல பசி. அமைச்சர் தயிர்ச் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

சாயங்காலம் பால் காய்ந்தது. உறை ஊற்ற ஒன்றுமில்லை.

"பக்கத்து வீட்டுப் பொற்கொடிகிட்ட உறைமோர் வாங்கிட்டு வா. சீக்கிரம் போ, விளக்கு வெச்சுட்டா தரமாட்டா."

நாட்டின் கஜானாச் சாவியை இடுப்பில் செருகியிருந்தவர் கிண்ணத்தோடு போய் நின்றார்.

"சாமி வீட்டுல உறைக்கு இல்லையா? அவரு கேட்டதே இல்லையே," என்றாள் பொற்கொடி. "இருந்தது என்னாச்சு?"

அமைச்சருக்குக் காது சிவந்தது. "சாப்பிட்டுட்டேம்மா."

"பாலை ஆறவெச்சீங்களா? கொதிக்கக் கொதிக்க ஊத்திடாதீங்க. சட்டியைக் கழுவினீங்களா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அவள் கரண்டி நிறைய ஊற்றினாள்.

"கேக்கறதுல என்னங்க வெக்கம்? எங்க வீட்டுல பூனை உருட்டிட்டா நானும் அங்கதான் வருவேன்."

திரும்பி வந்த அமைச்சர் பொருமினார். "தூதர்கள்கூட இவ்வளவு கேள்வி கேக்கலை சாமி!"

குரு சிரித்தார். பாலில் உறை ஊற்றி மூடிவைத்தார்.

மறுநாள் மதியம் தயிர் கத்தியால் வெட்டலாம் போல உறைந்திருந்தது. அமைச்சருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தன் கையால் வாங்கி வந்ததாயிற்றே! மூன்று முறை போட்டுக்கொண்டார். கடைசியில் சட்டியைச் சாய்த்து, விரலால் வழித்து நக்கினார். இப்படி நிம்மதியாகச் சாப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

கை கழுவியபோதுதான் வந்த வேலை நினைவுக்கு வந்தது.

"சாமி, நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே?"

குரு சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கிண்ணத்தை எடுத்து அமைச்சர் கையில் கொடுத்தார்.

"பொற்கொடிகிட்டப் போ. நேத்துக் குடுத்தது என்னாச்சுன்னு கேப்பா. என்ன சொல்றதுன்னு போற வழியில யோசிச்சுக்கோ."