ஐந்தில் ஐந்து போனால்

பள்ளியில் பாடம் சொல்லும் கொற்றி மணலில் ஐந்து குருவிகளை வரைந்து, இரண்டின் மேல் கோடு கிழித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அக்கா, கோடு போடக் கூடாது. அரசருக்குத் தெரிந்தால் ஊரை விட்டே துரத்திவிடுவார்" என்றான் நாகன்.

"துரத்தட்டும். இரண்டு குருவி பறந்து போயிற்று. இப்போது மரத்தில் எத்தனை?"

கடைசியில், எல்லோரிலும் சின்னவளான சேந்தி எழுந்து வந்தாள். கோடு விழாத குருவிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள்.

"மூணு."

அப்படித்தான், கேட்கிறவர்களே, செங்காட்டு நாட்டில் கழித்தல் மறுபடி தொடங்கியது.

முன்பு அங்கேயும் எல்லா ஊரையும் போலக் கூட்டினார்கள், கழித்தார்கள். அரசனுக்கு மூன்று பிள்ளைகள். நடுப்பிள்ளை காய்ச்சலில் இறந்துபோனான். அதன் பிறகு ஒரு பகலில் பரிமாறுகிறவள் பிள்ளைகளுக்கு இரண்டு இலை மட்டும் போட்டாள். அரசன் சாப்பிடாமல் எழுந்துவிட்டான். போனதை இந்த நாட்டில் யாரும் எண்ணக் கூடாது என்று அன்றே ஆணை பிறந்தது.

பள்ளியில் கழித்தல் நின்றது. அரசன் வீட்டில் மறுபடி மூன்று இலைகள் விழுந்தன. களஞ்சியத்திலும் ஒரு வழக்கம் நின்றது. அங்கே தானியம் கொட்டி வைக்கும் பன்னிரண்டு பத்தாயங்கள் இருந்தன. பத்தாயம் நிரம்பியதும் அதன் பலகையில் சுண்ணாம்பால் ஒரு கதிர் வரைவார்கள்; காலியானதும் துடைப்பார்கள். இப்போது வரைந்தார்கள், துடைக்கவில்லை.

இரண்டு ஆண்டு மழை பொய்த்தது. மழை வேண்டி நாட்டுக்கே விருந்து வைப்பதென்று அரசன் முடிவு செய்தான். ஐந்து பத்தாயத் தானியம் ஆகும் என்றார்கள்.

"இருக்கிறதா?" என்று கேட்டான் அரசன்.

"பன்னிரண்டிலும் கதிர் இருக்கிறது, அரசே" என்றான் களஞ்சியக்காரன் ஆதன். அவன் பொய் சொல்லவில்லை. பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனை யாரும் கேட்கவில்லை.

பிள்ளைகளின் கஞ்சிக்கு வரகு வாங்கக் கொற்றி களஞ்சியத்துக்குப் போவதுண்டு. ஒருநாள் அங்கே இருமினாள். இருமல் திரும்பி வந்தது. நிறைந்திருந்த காலத்தில் அது ஒருபோதும் திரும்பி வந்ததில்லை. விருந்து முடிந்தால் விதைக்கு என்ன மிஞ்சும் என்று எண்ணிக்கொண்டே வீடு திரும்பினாள்.

அரசனிடம் போய்ச் சொல்லலாம். சொன்னவர்கள் எங்கே போனார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் மணலில் படம் வரைந்தாள். முதல் நாள் குருவிகள், பிள்ளைகள் பயந்தார்கள். இரண்டாம் நாள் மாங்காய்கள், சிரித்தார்கள். மூன்றாம் நாள் பத்தாயங்கள். அவள் கேட்பதற்கு முன்பே விடை சொன்னார்கள்.

மறுநாள் அரசனிடமிருந்து ஆள் வந்தது. கொற்றி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"என் ஆணை தெரியுமா?" என்றான் அரசன்.

"தெரியும், அரசே. களஞ்சியத்துக்குள் ஒருமுறை எங்களை விடுங்கள். பிறகு என்னை என்ன செய்தாலும் சரி."

அரசன் எழுந்து களஞ்சியத்துக்கு முன்னே நடந்தான்.

"பன்னிரண்டு பத்தாயம் எண்ண இத்தனை குரங்குகளா?" என்றான் ஆதன். அவனைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

நாகன் முதல் பத்தாயத்தைத் தட்டினான். கிண்ணென்றது. கொற்றி கொடுத்த கரித்துண்டால் சேந்தி அதன் கதிர்மேல் கோடு கிழித்தாள். அடுத்ததைத் தட்டினான். கிண்ணென்றது. கோடு. அடுத்தது சத்தம் கொடுக்கவில்லை. கதிரை அப்படியே விட்டாள். ஆதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பன்னிரண்டும் முடிந்தன. சேந்தி கோடு விழாத கதிர்களைத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து."

"விருந்துக்கு ஐந்து" என்றான் அரசன். குரல் தாழ்ந்திருந்தது.

சேந்தி கரித்துண்டைத் தூக்கிப் பிடித்தாள். "இந்த அஞ்சுக்கும் கோடு போட்டுடவா? அஞ்சுல அஞ்சு போனா ஒண்ணும் இல்லை."

இல்லை என்ற சொல் அந்த அரசன் முன் ஒலித்து நெடுநாள் ஆகியிருந்தது. அவள் பாட்டுக்குத் தொடர்ந்தாள். "விதைக்கு நாலு வேணும்னு எங்க அப்பா சொல்வார். அஞ்சுல நாலு போனா ஒண்ணு. ஒண்ணுல விருந்து வராது. கஞ்சிதான் வரும்."

அரசன் கோடு விழுந்த ஒரு கதிரின் அருகே போனான். குனிந்து அந்தச் சின்னப் பெண்ணிடமே கேட்டான்.

"கோடு போட்டால் கதிர் அழிந்துவிடாதா?"

"அழியாதே. கோட்டுக்கு அடியிலேயே இருக்கு, பாருங்க."

அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு நான்கு பத்தாயங்களுக்குப் பூட்டுப் போடச் சொன்னான். ஐந்தாவதிலிருந்த தானியத்தில் நாட்டுக்குக் கஞ்சி காய்ச்சச் சொன்னான். கொற்றியை மறுநாளும் பள்ளிக்குப் போகச் சொன்னான்.

மழை தாமதமாகத்தான் வந்தது. வந்தபோது செங்காட்டில் விதை இருந்தது. அந்த நாட்டில் எத்தனையோ வீரர்களுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். ஒரு கரித்துண்டையும் கொஞ்சம் மணலையும் வைத்துக்கொண்டு நாட்டின் விதையைக் காப்பாற்றிய கொற்றிக்குக் கல் இல்லை. ஆனால் அங்கே பிள்ளைகள் இன்றும் கணக்கில் கழிக்கும் பொருளை அழிப்பதில்லை. அதன் மேல் ஒரு கோடு மட்டும் போடுகிறார்கள்.

போனதை மறைக்காமல் எண்ணுகிறவரால்தான் இருப்பதைக் காப்பாற்ற முடியும்.

களஞ்சியத்தைப் பூட்டிய அன்று பகல், அரசன் வீட்டில் வழக்கம்போலப் பிள்ளைகளுக்கு மூன்று இலைகள் போட்டிருந்தார்கள். அரசன் நடு இலையை எடுத்து, அதிலிருந்த தண்ணீரைத் துடைத்து, சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் உட்கார்ந்தான்.