டீச்சர் மென்ற சோள மட்டை

ஓர் ஊரில் ஒரு சோள மட்டை இருந்தது. அதற்கு உலகத்தின் மேலேயே கோபம்.

மக்காச்சோளக் கதிரை மேல்தோலாகச் சுற்றிக்கொண்டிருக்குமே, அந்த மட்டைதான். டெக்சாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய ஒஃபேலியா என்பவளின் சமையலறையில் அது வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் அந்த ஊர் மெக்சிகோக்காரர் வீடுகளில் எல்லோரும் கூடி உட்கார்ந்து தமாலே கட்டுவார்கள். நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். பிசைந்த சோள மாவை மட்டையில் தடவி, நடுவில் மிளகாயில் வெந்த பன்றிக்கறியை வைத்து, மடித்து, ஆவியில் வேக வைப்பார்கள். வெந்ததும் மட்டையை உரித்து எறிந்துவிட்டு உள்ளே இருப்பதைத் தின்பார்கள்.

அந்த எறிவதில்தான் கோபம்.

"மாவைச் சுமப்பது நான். கறி சிந்தாமல் பிடித்துக்கொள்வது நான். கொதிக்கும் பானையில் முதல் சூடு எனக்கு. கடைசியில், 'அடடா, என்ன ருசி!' என்று புகழ் மட்டும் மாவுக்கு! எனக்குக் குப்பைத்தொட்டி! ஆயிரம் வருஷமாக இதே அநியாயம். ஒருத்தன், ஒரே ஒருத்தன், என்னை ஒரு வாய் கடித்துப் பார்த்தானா?"

"உன்னை யார் கடிப்பார்கள், அண்ணே? கடித்தால் பல்லை அல்லவா தேட வேண்டியிருக்கும்!" என்றது, அதன் மேல் அப்போதுதான் தடவப்பட்ட மாவு. அதற்குக் கரண்டி பட்டாலே கூச்சம். எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

"சிரி, சிரி. புகழப்படுகிறவனுக்குச் சிரிக்க என்ன கேடு" என்று மட்டை முறைத்தது.

அப்போது ஒஃபேலியாவின் மகள் நயேலி பள்ளிக்கூடப் பையோடு உள்ளே வந்தாள். ஒன்பது வயது.

"அம்மா, நாளைக்கு கிளாஸ்ல விருந்து. ஆளுக்கு ஒண்ணு கொண்டு வரணுமாம். எனக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட் போதும்."

"சிப்ஸா? உன் அத்தைங்க மூணு பேரும் காலையிலேருந்து இடுப்பொடியத் தமாலே கட்டிக்கிட்டிருக்காங்க. இவளுக்கு சிப்ஸ் வேணுமாம்!"

"அங்க யாரும் இதைச் சாப்பிட மாட்டாங்க. இது என்னன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லு. வாய் இல்லே?"

அம்மா பேசியது ஸ்பானிஷில். மகள் பேசியது ஆங்கிலத்தில். பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இப்படித்தான்.

ஒஃபேலியா கையிலிருந்த மட்டையை மடித்தபடி சொன்னாள்: "சரி, மகளே. இது ஒண்ணுதான் கடைசி. டீச்சருக்கும் சேத்து முப்பது தமாலே பானையில வச்சுத் தரேன். பானை அப்படியே திரும்பி வந்துச்சுன்னா, அப்புறம் நான் உன்னை எதுக்கும் வற்புறுத்த மாட்டேன். சிப்ஸே தின்னு. இங்கிலீஷே பேசு. போ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் விரல் அதே மடிப்பைத் திரும்பத் திரும்ப நீவியது மட்டைக்கு மட்டும் தெரிந்தது.

"கேட்டாயா? கடைசியாம்!" என்றது மட்டை.

மாவு முதல்முறையாகச் சிரிக்கவில்லை.

மறுநாள் நயேலி பானையைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனாள். வகுப்பில் யாரும் பார்க்காத நேரம், குளிர்கோட்டுகள் தொங்கும் மூலையில், கோட்டுகளுக்கு அடியில் அதைத் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டீச்சர் மேஜையில் ஒரு வருகைப் பதிவேடு இருந்தது. நீல அட்டை, வளையாத முதுகு. பள்ளிக்கூடத்துச் சாமான்களுக்கே உள்ள திமிர் அதற்கும் உண்டு. தன்னிடம் எழுதியிருப்பதுதான் உலகம் என்று நினைப்பு.

"யாரது, கோட்டுக்கு அடியில்?" என்று அதட்டியது.

"நாங்கள் நயேலி வீட்டுத் தமாலே" என்றது மட்டை.

"நயேலியா? அப்படி யாரும் இங்கே இல்லை. பன்னிரண்டாம் வரியில் நேன்சி என்று ஒருத்தி இருக்கிறாள்."

"அவள்தான் நயேலி!"

"இருந்திருப்பாள். டீச்சர் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை. நேன்சி என்று எழுதிக்கொண்டோம். அவளும் 'பிரசன்ட்' என்றாள். விஷயம் முடிந்தது."

சுவரில் தொங்கிய அறிவிப்புப் பலகை தொண்டையைக் கனைத்தது. அதில் 'வகுப்பில் ஆங்கிலம் மட்டும்' என்று எழுதியிருந்தது. "அங்கே என்ன கிசுகிசு? ஆங்கிலத்தில் பேசுங்கள்."

"நாங்கள் சோளத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம், ஐயா" என்று மாவு சொல்ல, பானைக்குள் இருந்த முப்பதும் குலுங்கிச் சிரித்தன.

விருந்து தொடங்கியது. மேஜையில் இரண்டு கேக், பிஸ்கட், ஒன்பது பாக்கெட் சிப்ஸ். நயேலி கோட்டுகள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"இப்படியே போனால் பானை நிறைந்துதான் திரும்பும். நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்" என்று மட்டை தன் மடிப்பைக் கொஞ்சம் தளர்த்தியது. உள்ளேயிருந்து மிளகாயும் கறியும் சோளமும் கலந்த மணம் கிளம்பி, சொந்த வீட்டில் நடப்பதுபோல வகுப்பு முழுக்க உலாவியது.

டீச்சர் மிஸஸ் வின்ஸ்லோ மூக்கை உயர்த்தினாள். நல்லவள்தான். கெட்டவளாக இருந்தால் சண்டை போடலாம், நல்லவளை என்ன செய்வது? மூக்கு போன வழியே போய்ப் பானையை எடுத்தாள்.

"அடடே, இது யாருடையது?"

நயேலி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் ஆளுக்கு ஒன்று கொடுத்து, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். அது நம் மட்டை. எங்கே தொடங்குவது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, மட்டையோடு சேர்த்து நறுக்கென்று கடித்தாள்.

மட்டைக்குத் தலை சுற்றியது.

"மாவே! என்னைக் கடிக்கிறாள்! ஆயிரம் வருஷம் கழித்து ஒருத்தி என்னைக் கடிக்கிறாள்! அதுவும் படித்தவள்!"

"ரொம்ப... உறுதியான பண்டம்" என்றாள் டீச்சர், தாடையை இப்படியும் அப்படியும் ஓட்டியபடி.

டீச்சர் செய்தால் சரியாகத்தானே இருக்கும்? இருபத்தொன்பது பிள்ளைகளும் மட்டையோடு கடித்தார்கள். வகுப்பறை மாட்டுத்தொழுவமாகிவிட்டது. சரக், சரக், சரக்.

நயேலியும் கடித்தாள்.

இரண்டு வயதிலிருந்து தமாலே உரிக்கிறவள். ஆனால் உரித்தால் பானை யாருடையது என்று தெரிந்துபோகுமே! கண்ணில் நீர் வர, மட்டையை மென்றாள்.

"அண்ணே! நம் பிள்ளையும் மட்டையோடு தின்கிறாள்!" என்று மாவு கத்தியது.

மட்டையின் குதூகலம் அப்படியே உறைந்தது. தெரியாதவள் தின்றால் அது விருந்து. தெரிந்தவளே இப்படித் தின்றால்? இன்றைக்குப் பானை காலியாகத்தான் வீடு திரும்பும். பிள்ளை திரும்ப மாட்டாள்.

"போடா, ஆயிரம் வருஷத்து ஆசை!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, மட்டை டீச்சரின் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே குறுக்காக எழுந்து நின்றது. விழுங்க விடவில்லை.

டீச்சர் திணறினாள். நாசூக்காக இரண்டு விரலை விட்டு ஒரு நாரை இழுத்தாள். அது வந்தது. இன்னும் வந்தது. ஒரு சாண் வந்த பிறகும் வந்துகொண்டே இருந்தது. முகம் தக்காளியாகிவிட்டது. அப்போதும், "ரொம்ப ருசி" என்றாள்.

நயேலிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்க முடியாமல் பக்கத்து வரிசைக்கு முகத்தைத் திருப்பினாள். அங்கே, பதிவேட்டில் ஜிம்மி என்று எழுதியிருக்கும் பையன். கையிலிருந்த தமாலேயைப் பார்க்காமலே அவன் கட்டைவிரல் நேராக மடிப்பின் விளிம்புக்குப் போனது. உரிக்கப் போனவன், சட்டென்று விரலை இழுத்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மட்டையைக் கடித்தான்.

தமாலே கட்டுகிற வீட்டுச் சோறு தின்னாத விரல் அந்த இடத்துக்குப் போகாது.

இருவர் கண்ணும் சந்தித்தன. இருவர் வாயிலும் மட்டை.

நயேலி வெடித்துச் சிரித்தாள். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுப் பெஞ்சு மேல் ஏறி நின்று, ஸ்பானிஷில் கத்தினாள்: "ஐயோ, மட்டையைத் தின்னாதீங்க, டீச்சர்! மட்டையைத் தின்னாதீங்க!"

"ஆங்கிலம்! ஆங்கிலம்!" என்று பலகை அலறியது. யார் கேட்டார்கள்?

ஜிம்மியும் துப்பினான். "எங்கம்மா இதுல உலர்ந்த திராட்சை போடுவா!" என்றான். அதுவும் ஸ்பானிஷில்.

"திராட்சையா? தூ! தமாலேயில எவனாவது திராட்சை போடுவானாடா?"

"போடுவாங்க!" என்று பின்வரிசையிலிருந்து, பதிவேட்டில் 'பெட்டி' என்று பெயர் எழுதியிருக்கும் பெண் எழுந்தாள். "எங்க வீட்ல அன்னாசிகூடப் போடுவோம். நீ யாருடி கேக்கிறதுக்கு?"

"அன்னாசியாம்! உங்க வீட்டுப் பானைக்கு வெக்கமே இல்லியா?"

மெக்சிகோ வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர் எழுந்துவிட்டார்கள். எட்டுப் பேர் வாயிலும் அதுவரை மட்டை இருந்தது. இப்போது எட்டு வாயும் சேர்ந்து கறியா, பழமா என்று சண்டை போட்டன. மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அதற்காக அவர்கள் சிரிக்காமல் இருக்கவில்லை.

டீச்சர் கையில் நாரோடு நின்றாள். "நேன்சி, மட்டையைத் தின்னக் கூடாதா? உனக்கு இது எப்படித் தெரியும்?"

"எங்கம்மா செஞ்சது டீச்சர். அப்புறம், என் பேரு நேன்சி இல்லே. நயேலி."

"ந... நைலி?"

"ந, யே, லி. விரலைக் கொடுங்க, காட்டறேன்." டீச்சரின் கட்டைவிரலைப் பிடித்து மடிப்பின் விளிம்பில் வைத்தாள். "இப்படி."

டீச்சர் உரித்தாள். பெயரை மூன்று தரம் தப்பாகச் சொன்னாள். நான்காம் தரம் சரியாக வந்தது. பிறகு ஒரு வாய் வைத்தாள். கண் அகல விரிந்தது.

"வரேன், அண்ணே!" என்று மாவு சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தது.

பல் பதிந்த மட்டை குப்பைத்தொட்டியில் விழுந்தது. மேஜையிலிருந்து பதிவேடு எட்டிப் பார்த்தது.

"என்ன ஆட்டம் போட்டாய்! கடைசியில் உன்னை உரித்து எறிந்துவிட்டார்கள் பார்த்தாயா?"

"எறியட்டும். உரிக்க வேண்டியது என்னைத்தான், பிள்ளைகளை அல்ல" என்றது மட்டை.