செல்லக்கிளி வீட்டு வழியாக

"அம்மா, ஒரு பொம்பளையைக் குண்டுக்கட்டாத் தூக்கி ஓரமா வைக்கிறது பாவமா?"

ஆவுடையப்பன் கேட்டார். மடத்து அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரைத் தூக்கப் போறீங்க?"

"செல்லக்கிளியை."

"என்ன செஞ்சா?"

"உட்கார்ந்திருக்கா. அதான் செஞ்சா."

அம்மா இன்னொரு கட்டைப் பிரித்தார். மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம்.

அவர் சொல்லுமுன் அவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆவுடையப்பன் ஆயுசில் பாதியை ரோடு போட்டே கழித்தவர். மேஸ்திரியார் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. தலை நரைத்தபின், ஜல்லியும் தாரும் போதுமடா சாமி என்று எரிமலை அடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார். மடத்து அம்மாவுக்கு அவருடைய மகள் வயதுதான். அதனால் என்ன, ஞானத்துக்கு நரை எதற்கு? அவர் அம்மா என்பார், அம்மா அவரை நீங்க என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

மனுஷர் உட்கார்ந்து கண்ணை மூடப் பழகிக்கொண்டிருந்தார். மலைக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. வெடித்துவிட்டது.

அந்த மலையின் நெருப்பு நிதானமான நெருப்பு. ஆளை விரட்டாது, மண்ணைத்தான் தின்னும். உலை பொங்கி அடுப்பில் வழிகிற மாதிரி வழிந்து வந்தது. அது வந்த வழியில் இருந்த சனங்கள் ஆடு மாடு, சட்டி பானையோடு கீழே இறங்கிவிட்டார்கள். ஓர் உயிர் போகவில்லை, அந்த மட்டுக்கும் புண்ணியம்.

ஆனால் நெருப்புக் குழம்பு இரண்டு கையாகப் பிரிந்து வந்து அடிவாரத்தில் கூடியது. நடுவே ஒரு திட்டு தப்பித்துக்கொண்டது. அங்கே வீடு அப்படியே, தொழுவம் அப்படியே, மிளகுக்கொடி அப்படியே. அங்கிருந்த சனங்களும் அப்படியே மாட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் கறுப்புப் பாறை. ரோடு இருந்த இடமே தெரியவில்லை.

மலை அடங்கி, பாறை காலைச் சுடாமல் ஆனபின், நடக்க முடிந்தவர்கள் நடந்து வெளியே வந்தார்கள்.

பேச்சியம்மாளால் முடியவில்லை. சாம்பலும் புகையும் அவள் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஆக்சிஜன் இருந்தால்தான் மூச்சு. நாற்காலியில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். பாதி வழியில் உதடு நீலம் பாரித்ததும் பயந்துபோய்த் திரும்பக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் புருஷன் இசக்கிமுத்து சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு பாறை ஏறி இறங்குகிறான்.

அது நடக்கிற பாறையா? கண்ணாடிச் சில்லை அள்ளிக் கொட்டிய மாதிரி இருக்கும். நேற்று விழுந்துவிட்டான். முழங்கால் சிதைந்தது. சிலிண்டரை மட்டும் விடவில்லை, பிள்ளையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டே விழுந்தான். இன்னொரு தடவை விழுந்தால் யார் கொண்டுபோவது என்று திட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு ஜீப் போகிற மாதிரி வழி. அவ்வளவுதான் வேண்டும். அரசாங்கம் ஒரு பொக்லைனையும் டிரைவரையும் அனுப்பியது. வழி காட்ட ஆள் இல்லை. விட்டேன் என்று வந்தவரை விடேன் என்று பிடித்துக்கொண்டது ரோடு. ஆவுடையப்பன் மறுபடி பூட்ஸை மாட்டிக்கொண்டு போய் நின்றார்.

பழைய ரோடு பள்ளத்தில் ஓடியது. குழம்பும் பள்ளத்தில்தான் தேங்கியது. மேலே பாறை, உள்ளே இன்னும் நெருப்பு. தூறல் விழுந்தாலே ஆவி கிளம்புகிறது. அதில் பொக்லைனை ஏற்றினால் அதோகதிதான்.

குழம்பு மெல்லிசாகப் படிந்து நன்றாக ஆறியிருந்தது ஒரே ஒரு மேட்டில். மழை வெள்ளம் எட்டாத இடமாகப் பார்த்துப் பார்த்து அந்த மேட்டில்தான் செல்லக்கிளி வீடு கட்டியிருந்தாள்.

வீடு இப்போது பாறைக்குக் கீழே. செல்லக்கிளி பாறைக்கு மேலே. ராத்திரி தங்கை வீட்டில் படுப்பாள், விடிந்ததும் ஒரு குடையோடு வந்து உட்காருவாள். பொழுது சாயும்வரை அசையமாட்டாள்.

"கல்லுல நார் உரிச்சுப் பார்த்துட்டேன், அம்மா," என்றார் ஆவுடையப்பன்.

வேறு இடத்தில் மனை தருவார்கள் என்று சொன்னாராம். பேச்சியம்மாள் படுகிற பாட்டைச் சொன்னாராம். கெஞ்சினாராம், கடைசியில் சத்தமும் போட்டாராம். அவள் குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாளே தவிர எழுந்திருக்கவில்லை. இனித் தாங்காது என்று அதிகாரி சொல்லிவிட்டார். நாளைக் காலையில் போலீஸ் வரும், மேஸ்திரியார் ஒரு வார்த்தை சரி என்றால் தூக்கிவிடுவார்கள்.

"அவ என்னதான் சொல்றா?"

"அவங்க வீடு நிக்குது, என் வீடு போச்சு, போன வீட்டு மேலயும் வண்டி ஓட்டணுமா, இதையேதான் சொல்றா. ரோட்டுக்கு அளவுக் குச்சி அடிக்கப் போனா, என் வீட்டுக்குள்ள உங்களுக்கு என்ன சோலிங்கிறா."

"அதுக்கு நீங்க?"

ஆவுடையப்பன் பொய் சொல்லிப் பழகாதவர்.

"எந்த வீடும்மான்னு கேட்டேன்."

கீரை ஆய்கிற கை நின்றது.

"இருக்கிறதைத்தானே கேட்டேன்? கண்ணுக்கு எட்டின மட்டும் பாறைதான் கிடக்கு."

அம்மா மடியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க."

ஆவுடையப்பனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அம்மா வாய் திறந்தால் எப்பேர்ப்பட்ட மனசும் இளகும் என்று மடத்தில் பேச்சு. அவரே அப்படி இளகி வந்தவர்தான். வழி நெடுக அம்மா ஒன்றும் பேசவில்லை. பேச்சை அங்கே போய்ப் பேசுவதற்குச் சேர்த்து வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், செல்லக்கிளியை நினைத்தாலும் அவருக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவப்பட்டால் ரோடு வந்துவிடுமா?

மேட்டில் பொக்லைன் சும்மா நின்றது. டிரைவர் உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தான். ஆவுடையப்பன் போட்ட சுண்ணாம்புக் கோடு பாறைமேல் சாய்வாக ஓடியது. அவர் அடித்த குச்சிகள், தலையில் சிவப்புத் துணியோடு, கோட்டின்மேல் நின்றன. நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு செல்லக்கிளி.

அந்த நேரத்துக்கு இசக்கிமுத்து வந்தான். முழங்காலில் துணி சுற்றியிருந்தது, தோளில் சிலிண்டர். செல்லக்கிளியைச் சுற்றிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் போனான். அவளும் பார்க்கவில்லை. அவன் தாண்டிய பிறகு பார்த்தாள். அந்த முழங்கால் பாறைச் சரிவில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆவுடையப்பன் அதைக் கவனித்தார். கவனித்தும் ஒன்றும் விளங்கவில்லை.

அம்மா செல்லக்கிளிக்கு அருகில் போகவில்லை. தள்ளியே நின்றார்.

"செல்லக்கிளி, வாசல் எந்தப் பக்கம்?"

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு தாடையால் காட்டினாள்.

"கிழக்க."

அம்மா மேட்டைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"உள்ள வரலாமா?"

செல்லக்கிளி குடையை மடக்கினாள். எழுந்தாள். சேலையை இழுத்துச் சரி செய்தாள், கலைந்த தலையை அள்ளி முடிந்தாள். வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறதே.

"வாங்கம்மா. குனிஞ்சு வாங்க, நிலை தட்டும்."

அம்மா குனிந்து வந்தார்.

மேலே வெறும் வானம். டிரைவர் முழித்துக்கொண்டான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஆவுடையப்பனைப் பார்த்தான். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

செல்லக்கிளி பேச ஆரம்பித்தாள். எத்தனை நாள் பூட்டி வைத்த வாயோ, நிற்கவில்லை. இது கூடம், இங்கேதான் நெல் குதிர், மழைக்காலத்தில் கோழிக்கும் இதே இடம்தான். இது அடுப்பங்கரை, அடுப்பைத் தெற்கே வைத்தது தப்பு, காற்றடித்தால் புகை முழுக்கக் கூடத்துக்கு வரும். புருஷனிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு, மாற்றிக் கொடுக்கவே இல்லை. அம்மா ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டிக்கொண்டு, சுவர் இருந்த இடத்தில் சுற்றி, கதவு இருந்த இடத்தில் நுழைந்து, கூடவே நடந்தார். வெறுங்காலில் பாறை குத்தியிருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

மேற்கு மூலைக்கு வந்ததும் செல்லக்கிளியின் குரல் இறங்கியது.

"இங்கனதான் அவரு கண்ணை மூடினாரு. வெள்ளிக்கிழமை தவறாம விளக்கு வைப்பேன்."

அந்த இடத்தில் ஒரு குச்சி நின்றது, சிவப்புத் துணியோடு.

ஆவுடையப்பன் தன் கோட்டை அப்போதுதான் பார்த்தார். அது மேற்குச் சுவரை உடைத்துக்கொண்டு நுழைந்து, அந்த மூலையை மிதித்து, அடுப்பின்மேல் ஏறி, தெற்குச் சுவரை உடைத்து வெளியே போனது. கன்னம் வைக்கிற திருடன்கூட இவ்வளவு கோணலாக ஒரு வீட்டுக்குள் நுழையமாட்டான். தான் ஆயுசு முழுக்கப் போட்ட ரோடுகளெல்லாம் எது எதன் வழியாகப் போகிறதோ என்று ஒரு பயம் வந்து போனது.

செல்லக்கிளி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வடக்குப் பக்கம் வந்தாள்.

"இது பின்வாசல். பேச்சி மோருக்கு வர்றது இந்தப் பக்கம்தான். முன்வாசலுக்கு ஒருநாளும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இதோ, இப்போது அம்மா பேசுவார் என்று ஆவுடையப்பன் காத்திருந்தார். இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? அம்மா பின்வாசல் வழியாக இறங்கினார். வெளியே போய்த் திட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டார். அவ்வளவுதான்.

ஆவுடையப்பன் மேட்டைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் வந்தார். குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். அந்த வயதில் அது லேசான காரியம் இல்லை. வெறுங்கால் பட்டதும் பாறை சுருக்கென்று ஏறியது.

"தாயி, நான் வரலாமா?"

செல்லக்கிளி அவரை மேலும் கீழும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வாங்க," என்றாள்.

அவர் நேரே மேற்கு மூலைக்குப் போய்க் குச்சியைப் பிடுங்கினார். பாவி மனுஷன் இறுக்கித்தான் அடித்திருந்தார். இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்க வேண்டியிருந்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு நான் கேட்டது தப்பு. பேச்சிக்கு ஒரு வழி வேணும், தாயி. எங்கிட்டு வரட்டும்?"

செல்லக்கிளி குச்சியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கிழக்கு வாசலுக்குப் போய் அதை ஒரு பிளவில் செருகினாள். அங்கிருந்து கூடத்தின் வழியாகப் பின்வாசல் வரைக்கும் நடந்து காட்டினாள்.

"இப்படி ஏறி, இப்படி இறங்கட்டும். அந்த மூலையை மட்டும் மிதிக்காதீங்க."

மறுநாள் காலையில் போலீஸ் வந்தது. பொக்லைன் வேலை செய்வதைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள்.

பாறையை உடைத்துச் சமப்படுத்தி, பொடிக்கல் நிரவி, வழி ஒருவாறு முடிந்தது. வளைந்து போவதால் வேலை கூடுதல்தான். ஆவுடையப்பன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

முதல் ஜீப் புறப்பட்டது. முன்னால் ஆவுடையப்பன், பின்னால் சிலிண்டர்களைப் பிடித்துக்கொண்டு இசக்கிமுத்து. கிழக்கு வாசல் வந்ததும் இசக்கிமுத்து டிரைவரின் தோளைத் தொட்டு நிறுத்தச் சொன்னான். நொண்டி நொண்டி இறங்கினான். செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

செல்லக்கிளி அந்த மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, வரலாமா?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாசல்ல நின்னு என்னடா கேள்வி? அங்க அவ மூச்சு முட்டிக்கிட்டுக் கிடப்பா. போடா, நம்ம வீடுதானே."