சுனைக்கு மேல் பாறை

“அம்மா, கல்லுக்குக் கொடுத்த மருந்து பலிக்கவில்லை” என்றார் நயினார்.

குன்றில் துறவியாக வாழும் குணவதி அம்மா அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் பணி ஓய்வுக்குப் பிறகு குன்றுக்கு வந்த அந்தப் பொறியாளர் அவரைத்தான் குருவாக வரித்திருந்தார்.

“என்ன ஆயிற்று?”

“சுனைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழுந்துவிட்டது. தண்ணீர் எடுக்க வந்த செங்கமலத்தின் குடம் நசுங்கிவிட்டது. கொஞ்சம் தள்ளி நின்றதால் அவள் பிழைத்தாள்.”

“இப்போது எப்படி இருக்கிறாள்?”

“அடி ஏதுமில்லை, பயந்துபோயிருக்கிறாள். நானும்தான்.”

அது மணற்பாறை. தொட்டாலே உதிரும். அதைக் கெட்டிப்படுத்தத்தான் நயினார் முயன்றார். தர்பூசணி விதையை அரைத்து நொதி எடுத்தார். யூரியாவும் கால்சியம் உப்பும் கரைத்த நீரில் அதைக் கலந்து பாறைமேல் ஊற்றினார். நொதி யூரியாவை உடைத்தால் நீரில் சுண்ணாம்புக்கல் விளையும். அது மணலை மணலோடு ஒட்டும்.

இருவரும் சுனைக்குப் போனார்கள்.

விழுந்த பாளத்தின் ஒரு துண்டை அம்மா ஓரமாக இழுத்துப் போட்டார். அதன் வெளிமுகத்தில் ஒரு கை தண்ணீர் விட்டார்.

வழிந்து ஓடியது.

துண்டைப் புரட்டி, உள்முகத்தில் விட்டார்.

சொட்டு மிச்சமில்லாமல் குடித்தது.

“இந்தப் பக்கத்துக்கு மருந்தே கிடைக்கவில்லை போலிருக்கிறதே?”

“நிறைய ஊற்றினேன், அம்மா. சீக்கிரம் இறுகட்டும் என்று நொதியையும் தாராளமாகச் சேர்த்தேன்.”

“எவ்வளவு சீக்கிரம் இறுகும்?”

“வாளியிலேயே பால்போல் வெளுத்துவிடும்.”

“வாளியிலேயே கல்லானது பாறைக்குள் எப்படிப் போகும்?”

“மேல்தோலிலேயே அடைத்துக்கொண்டுவிட்டது” என்றார் நயினார்.

அன்றே சுனைப் பாதையில் முள்வேலி போட்டார். பாறையின் இறுகிய மேல்தோலைச் சுரண்டி எடுத்தார். இந்த முறை நொதியைக் குறைத்தார். உள்ளே போன பிறகே இறுகட்டும் என்று கரைசலைக் குளிரவைத்து, பாறையின் முதுகில் போட்ட சிறு துளைகள் வழியே சொட்டுச் சொட்டாக இறக்கினார்.

பார்வைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

“பாறைக்குக் குளுக்கோஸ் ஏத்துறீங்களா, ஐயா?” என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள் செங்கமலம்.

“ஆமாம்மா. மெதுவாத்தான் ஏறும்.”

பல வாரங்கள் போயின. பாறையில் ஆழமாகக் குடைந்து எடுத்த முழ நீளக் கல்லை நயினார் அம்மாவிடம் கொண்டுவந்தார். அம்மா அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகத்தால் கீறிப் பார்த்தார்.

எங்கும் உதிரவில்லை.

“வேலியை எடுத்துவிடலாமா?” என்று கேட்டார் அம்மா.



“ஒரு மழைக்காலம் போகட்டும், அம்மா. அதுவரை செங்கமலம் வீட்டுக்கு ஓடையிலிருந்து நானே தண்ணீர் சுமக்கிறேன்.”

அம்மா அவர் முகத்தைப் பார்த்தபடி கல்லை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“சரி. மருந்து இப்போது உள்ளே இறங்கிவிட்டது” என்றார்.