கயிறு இல்லாமல் விற்ற வீடு

ஊமத்தநல்லூரில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு வீடு. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு புத்தி என்றும் ஊரில் சொல்வார்கள். அது அபாண்டம். அந்த ஒன்று யாரிடம் இருந்தது என்று இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

மூத்தவர் கலியபெருமாள், ரைஸ்மில்லில் வேலை. அடுத்தவர் நாடிமுத்து, மாட்டுச் சந்தையில் டீக்கடை வைத்திருந்தார். இளையவர் அய்யாக்கண்ணு யோசிப்பார். அதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது என்றாலும் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

கலியபெருமாளுக்கு நாற்பத்திரண்டு வயது வரைக்கும் கல்யாணம் ஆகவில்லை. கடைசியாக அமிர்தவல்லி என்று மன்னார்குடியில் நர்ஸாக இருக்கும் பெண் அமைந்தாள். ஐப்பசி மாதம் ஒருநாள் அவளே நேரில் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தாள், பிறகு கலியபெருமாளைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்களப் பிடிச்சிருக்கு. ஆனா இங்கேருந்து ரெண்டு பஸ் மாறி என்னால டூட்டிக்குப் போக முடியாது. தை பொறக்கறதுக்குள்ள இந்த வீட்ட வித்துட்டு டவுன்ல ஒரு வீடு பாருங்க. இல்லன்னா எங்கப்பா பேராவூரணி மாப்பிள்ளைக்கு என்னைக் குடுத்துடுவாரு."

அதுவரை யாரும் கலியபெருமாளைப் பார்த்துப் பிடிச்சிருக்கு என்று சொன்னதில்லை. அவள் போன பிறகு அவர் அவள் குடித்த சொம்பைக் கழுவாமல் எடுத்து உள்ளே வைத்தார். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் தனக்கு வேறு யாருமே வேண்டாம் என்று தம்பிகளிடம் சொல்லி அழுதார். தம்பிகளும் அழுதார்கள். அழுது முடித்ததும் வீட்டை விற்கும் வேலையில் இறங்கினார்கள்.

முதலில் புரோக்கர் கோதண்டத்தைக் கூப்பிட்டார்கள். கோதண்டம் இருபது வருஷமாக அந்தப் பக்கத்தில் வீடு, மனை முடித்துக் கொடுப்பவர். "விக்கிறவங்ககிட்ட நூத்துக்கு ரெண்டு, வாங்கறவங்ககிட்ட நூத்துக்கு ரெண்டு. அதான் நம்ம கமிஷன்" என்றார்.

அய்யாக்கண்ணு ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வீட்டுத் தரை முழுக்கக் கட்டம் போட்டார். சரியாக நூறு கட்டம். காலையில் கொல்லைப்பக்கம் ஆரம்பித்தது, முடிய மதியம் ஆகிவிட்டது.

"அண்ணே, கடைசி ரெண்டு கட்டம் வாசப்படியில விழுது. வாசப்படியை இவருக்குக் குடுத்துட்டா, வாங்கறவரு எப்படி உள்ள போவாரு?"

"ஜன்னல் வழியா போகட்டும்" என்றார் நாடிமுத்து.

"ஜன்னல்ல எட்டு கம்பி இருக்கே."

கலியபெருமாள் கம்பிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, "வாசப்படி இல்லாத வீட்ட ஒருத்தர் தலையில கட்டுறது பாவம்டா. புரோக்கர் வேண்டாம், நாமளே விப்போம்" என்றார். கோதண்டம் டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். போகும்போது வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போனார்.

அடுத்தது போர்டு. 'இந்த வீடு விற்பனைக்கு. புரோக்கர் தேவையில்லை' என்று அய்யாக்கண்ணு அழகாக எழுதினார். எங்கே மாட்டுவது என்பதில் பேச்சு வந்தது.

"நம்ம வாசல்ல மாட்டுனா நம்ம வீட்டுக்கு வர்றவன்தானே படிப்பான்? வந்துட்டவனுக்கு எதுக்கு போர்டு?" என்று அய்யாக்கண்ணு கேட்டார். மற்ற இருவருக்கும் இது நியாயமாகப் பட்டது. ஆகவே பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி, போஸ்ட் மாஸ்டர் வீட்டுச் சுவரில் அடித்து மாட்டினார்கள்.

மளிகைக் கடைக்குப் போய்த் திரும்பிய போஸ்ட் மாஸ்டர் மனைவி அதைப் படித்தார். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டை விற்கிற மனுஷனோடு இனி என்ன பேச்சு என்று, வாங்கிய மளிகையோடு அடுத்த பஸ்ஸில் ஏறித் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். போர்டைப் பார்த்து வீடு கேட்டு வந்தவர்களையெல்லாம் போஸ்ட் மாஸ்டர் துடைப்பத்தோடு வரவேற்றார்.

அப்படித் துடைப்பத்தால் அடி பட்டும் போகாமல் நின்று விசாரித்து, சரியான வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் ஒருவர்தான். பெயர் சவுரிமுத்து. முப்பத்தைந்து வருஷம் ரயில்வே கேட் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். காத்திருப்பது அவருக்குக் கை வந்த கலை. தண்டவாளத்து ஓரக் குடியிருப்பில் காலமெல்லாம் உப்புத் தண்ணீர் குடித்த அவர் மனைவிக்கு, நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள ஒரு வீடு வேண்டும் என்று ஒரே ஆசை.

"என்ன விலைங்க?" என்று கேட்டார்.

"பன்னெண்டு லட்சம்" என்றார் கலியபெருமாள்.

"பத்துன்னா முடிச்சுக்கலாம்."

பேரம் என்றால் விலை இறங்க வேண்டும் என்பது கலியபெருமாளுக்குத் தெரியும். "எட்டு" என்றார்.

சவுரிமுத்து நேர்மையான மனுஷன். "இல்லீங்க, நான் பத்தே தர்றேன்" என்றார்.

"ஆறு. இதுக்குக் கீழ கட்டுப்படி ஆகாது" என்றார் கலியபெருமாள் கறாராக.

சவுரிமுத்து வீட்டை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். வீட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று தீர்மானித்து, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

கார்த்திகையும் போய் மார்கழி பிறந்தது. அமிர்தவல்லி போன் செய்து, பேராவூரணிக்காரர்கள் வந்து காபி குடித்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். கலியபெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் நாடிமுத்து எழுந்து நின்றார்.

"அண்ணே, புரோக்கர் இருந்தா வாசப்படி போகுது. இல்லன்னா விலை போகுது. பேசாம நானே தரகரா ஆயிடறேன். சந்தையில பன்னெண்டு வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

அவர் பார்த்ததெல்லாம் மாட்டுத் தரகர்கள். அதனால் என்ன, விற்பது விற்பதுதானே என்று மூவரும் ஒரு மனதாக முடிவு செய்தார்கள். தோளில் ஒரு பச்சைத் துண்டைப் போட்டதும் நாடிமுத்து தரகர் ஆகிவிட்டார்.

"மொதல் சட்டம், விக்கிறவனும் வாங்கறவனும் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே கூடாது. பாத்துட்டா தரகரைக் கழட்டி விட்டுருவாங்க."

கலியபெருமாளும் அய்யாக்கண்ணுவும் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாடிமுத்து நேராகச் சவுரிமுத்துவிடம் போய், "ஐயா, ஒரு நல்ல வீடு வந்திருக்கு" என்றார்.

"எந்த ஊர்ல?"

"அதைச் சொன்னா நீங்க நேரா போயிடுவீங்க." நாடிமுத்து அவர் கண்ணைத் துண்டால் கட்டி சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து, குளத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் வீட்டு வாசலில் இறக்கிக் கட்டை அவிழ்த்தார்.

"இது நான் அன்னிக்குப் பாத்த வீடாச்சே" என்றார் சவுரிமுத்து.

"அது தரகர் இல்லாத வீடு. இது தரகர் உள்ள வீடு. எப்படி ஒண்ணாகும்?"

சவுரிமுத்து எத்தனையோ கூட்ஸ் வண்டிகளைப் பொறுமையாக வழி அனுப்பியவர். இதையும் பார்த்துவிடுவோம் என்று நின்றார். நாடிமுத்து, மாட்டுக்கு வயது தெரியப் பல்லைப் பிடித்துக் காட்டுவது போல, ஜன்னலைத் திறந்து கம்பிகளைத் தட்டிக் காட்டினார். "பாருங்க, எட்டுப் பல்லும் போட்ட வீடு. நல்ல பக்குவம்." பிறகு ஓட்டின் மேல் ஏறி, கெட்ட சுழி எதுவும் இல்லை என்று அங்கிருந்தே கத்தினார். இறங்கி வந்து, "வேணும்னா சுத்தி நடந்து பாருங்க. நீங்க எவ்வளவு நடந்தாலும் வீடு நொண்டவே நொண்டாது" என்றார். கடைசியாகக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, கறந்து காட்டுவதாகச் சொல்லி நீட்டினார். சவுரிமுத்து குடித்தார். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கியதும் மனைவியின் முகம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. முடித்துவிடலாம் என்றார்.

விலையைச் சந்தை வழக்கப்படி துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசினார்கள். சவுரிமுத்து பத்து விரலையும் கொடுத்தார். நாடிமுத்து அதை அடுப்படிக்குக் கொண்டுபோய்ச் சொன்னார். அண்ணனும் தம்பியும் சம்மதித்தார்கள். ஆனால் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு நாடிமுத்துவுக்கும் உண்டே! அவர் கொல்லைக்குப் போனார். தன் இரண்டு கைகள் மேலும் துண்டைப் போட்டுக்கொண்டு தன்னோடு பேரம் பேசினார். அரை மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"என்னடா ஆச்சு?" என்றார் கலியபெருமாள் கவலையோடு.

"நாடிமுத்து படியவே மாட்டேங்கறான் அண்ணே. சரியான பிடிவாதக்காரன்."

"என் கல்யாணத்த நெனச்சாவது எறங்கி வரச் சொல்லுடா!"

நாடிமுத்து மறுபடி கொல்லைக்குப் போனார். இந்த முறை காலில் விழுந்து கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். யார் காலில் என்று யாரும் கேட்கவில்லை. விலை முடிந்தது.

ரெஜிஸ்டர் ஆபீஸில் இரு தரப்பும் ஒரே அறைக்கு வர வேண்டும் என்றார்கள். நாடிமுத்து நடுவில் துண்டைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் இருந்து கையெழுத்து, மறுபக்கம் இருந்து கையெழுத்து. அதிகாரி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னொரு சட்டம்" என்றார் நாடிமுத்து, வெளியே வந்து. "மாட்ட வித்தாலும் கயிறு வித்தவனுக்குத்தான். வாங்கறவரு புதுக் கயிறு கொண்டாரணும்."

வீட்டில் இருந்த ஒரே கயிறு கிணற்றுக் கயிறு. மூவரும் அதை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார்கள். சவுரிமுத்து சொன்னபடி புதுக் கயிறு வாங்கி வந்தார்.

டவுனில் வீடு வாங்குகிற வேலையை அமிர்தவல்லியே பார்த்தாள். அதனால் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாடி வீடு. அதை விற்றவர் திருவாரூருக்கே குடிபோய்விட்டார். தை பிறந்தது, பேராவூரணிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், கோயிலில் வைத்துக் கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது.

கோயிலில் இருந்து காரில் கிளம்பினார்கள். முதல் நாள் நைட் டூட்டி பார்த்திருந்த அமிர்தவல்லி, மாலையைக்கூடக் கழற்றாமல் கலியபெருமாள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். டிரைவர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்கு என்றார்கள் மூவரும். வழியும் மூவரும்தான் சொன்னார்கள். பிறந்ததில் இருந்து வீட்டுக்குப் போகிற வழி அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்.

கார் நின்றது. கலியபெருமாள் இறங்கினார். எதிரே தான் விற்ற வீடு நிற்பதைப் பார்த்து அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"டேய், திரும்பி வந்துருச்சுடா!"

விற்ற மாடு சாயங்காலமானால் பழைய இடத்துக்கே வந்து நிற்பதை நாடிமுத்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். "நான் பயந்த மாதிரியே ஆயிடுச்சு அண்ணே" என்றார்.

சத்தம் கேட்டுச் சவுரிமுத்து வெளியே வந்தார். நாடிமுத்து அவரைக் கோபமாகப் பார்த்தார். "ஐயா, புதுக் கயிறு வாங்குனீங்களே, எங்க கட்டுனீங்க?"

"கிணத்துல."

"கிணத்துல கட்டுனா கிணறுதானே நிக்கும்? வீடு எப்படி நிக்கும்? பாருங்க, எங்களத் தேடிக்கிட்டு வந்துருச்சு. பிடிச்சுக்கிட்டுப் போங்க!"

கலியபெருமாள் காரில் இருந்த அமிர்தவல்லியைப் பார்த்தார். அவள் கண் விழித்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வித்துட்டேம்மா. சத்தியமா வித்துட்டேன். அதுவா வந்துருச்சு. இதுக்காக நீ பேராவூரணிக்குப் போயிடாத" என்று வாய்விட்டு அழுதார்.

அமிர்தவல்லி எத்தனையோ நோயாளிகளைப் பார்த்தவள். இறங்கி வந்து, முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்தாள். "எங்கயும் போகல. வந்தத ஒழுங்கா கட்டிப் போட்டுட்டு வாங்க, கெளம்பலாம்" என்றாள்.

சவுரிமுத்து கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். மூவரும் வாசல் தூணில் மூன்று முடிச்சுப் போட்டு, மறு முனையைத் தென்னை மரத்தில் இழுத்துக் கட்டினார்கள். கலியபெருமாள் தூணைத் தடவிக் கொடுத்து, இனிமேல் இவர்தான் உனக்கு எல்லாம், சமத்தா இரு என்று சொல்லிவிட்டு வந்தார்.

எல்லாரும் நிம்மதியாகக் காரில் ஏறினார்கள். கார் ஊரைத் தாண்டுவதற்குள் அய்யாக்கண்ணு அலறினார்.

"அண்ணே! நம்ம டவுன் வீட்ட நாம கட்டவே இல்லியே! கயிறு பரண்லல்ல கெடக்கு!"

கலியபெருமாள் தலையில் கை வைத்துக்கொண்டார். "காலையிலேருந்து ஆள் இல்லாம நிக்குது. இந்நேரம் பழைய ஓனரைத் தேடிக் கெளம்பியிருக்கும். டிரைவர், திருவாரூர் மெயின் ரோட்டுல விடுங்க, வழியிலேயே மடக்கிடலாம்!"

டிரைவர் வேறு வழி தெரியாமல் அமிர்தவல்லியைத் திரும்பிப் பார்த்தார். படித்த பெண், அவளாவது ஏதாவது சொல்லுவாள் என்று.

அமிர்தவல்லி ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"மெயின் ரோடு வேண்டாங்க. அங்க கரண்ட் கம்பி தாழ்வா தொங்கும், மாடி வீடு எப்படி வரும்? ஆத்தங்கரை ரோட்டுல விடுங்க."